ஆங்கிலத்தில் தொழில் நடத்துபவர் ஆங்கிலம் தெரியும் என்று காட்டுவது எப்படி?

பிரிட்டனில் தொழில் நடத்தத் தந்த விசா முடியப் போகிறது. நீட்டிக்க வேண்டும். படிவத்தில் 'ஆங்கிலத் தகுதி' என்ற பகுதியைப் பார்த்ததும் லேசாகச் சிரித்திருப்பீர்கள். மூன்று வருடமாக வங்கியில் ஆங்கிலத்தில் கடன் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்திலேயே இல்லை என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார்கள். வரித்துறைக்கு போன் போட்டு முக்கால் மணி நேரம் இசை கேட்டுவிட்டு, எடுத்தவரிடம் வாட் கணக்கை ஆங்கிலத்தில் விளக்கியிருக்கிறீர்கள். வெள்ளைக்காரர் ஒருவரை வேலைக்கு வைத்து, ஏன் தினமும் தாமதமாக வருகிறார் என்று அவர் மொழியிலேயே கேட்டு, அவர் சொன்ன சாக்கை அவர் மொழியிலேயே நம்பியும் இருக்கிறீர்கள்.

இதெல்லாம் ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் முதலில் அந்த நினைப்பை விடுங்கள். விசா தரும் உள்துறையான ஹோம் ஆபீஸ் கணக்கில் ஆங்கிலம் என்பது ஓர் எண். அந்த எண் உங்களிடம் இருந்தால் வாய் திறக்காமலே ஆங்கிலம் தெரிந்தவர். இல்லையென்றால் என்னதான் பேசினாலும் சத்தம்தான். அந்த எண்ணை அடையும் மார்க்கங்களை இந்த வழிகாட்டி விளக்கும்.

தொடங்குமுன் ஒரு சட்ட எச்சரிக்கை. 1999ஆம் ஆண்டுக் குடியேற்ற, புகலிடச் சட்டத்தின்படி, பதிவு பெறாத ஆள் பிரிட்டனில் ஒருவருக்கு அவர் விசா விஷயமாகத் தொழில்முறையில் ஆலோசனை சொல்வது குற்றம். இதைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு 2025 ஜனவரி முதல் குடியேற்ற ஆலோசனை ஆணையம் என்று பெயர். ஆகவே நான் இங்கே யாருக்கும் ஆலோசனை சொல்லவில்லை, பொதுவாகப் புலம்புகிறேன். லண்டன் ஈஸ்ட் ஹாம் கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும் உங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பா சொல்வதும் புலம்பல்தான். ஆனால் அவர் அதை ஆலோசனை என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார். அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டாம். கேட்டுத் தலையாட்டிவிட்டு, பதிவு பெற்ற ஒருவரிடம் போங்கள்.

இனி மார்க்கங்கள். எல்லாவற்றிலும் சுலபமானது, சரியான நாட்டில் பிறப்பது.

பெரும்பான்மையாக ஆங்கிலம் பேசும் நாடுகள் என்று ஹோம் ஆபீஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்த நாட்டுக் குடிமக்களுக்குத் தேர்வும் கிடையாது, சான்றும் கிடையாது. பாஸ்போர்ட்டைக் காட்டினால் முடிந்தது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து இருப்பதில் வியப்பில்லை. மால்டா இருக்கிறது, வீட்டுக்குள் மால்டீஸ் பேசுகிற ஜனங்கள். பெலிஸ் இருக்கிறது, பாதிப் பேருக்கு மேல் ஸ்பானிஷ் பேசும் நாடு. ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட், கயானா எல்லாம் இருக்கின்றன. பள்ளிக்கூடம், நீதிமன்றம், நாடாளுமன்றம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நடத்தும் சிங்கப்பூர் இல்லை. இந்தியா, இலங்கை இல்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இதில் தமிழர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப் போன கப்பல்களில் சில கரீபியன் பக்கம் போயின. அப்படிப் போனவர்களின் வாரிசுகளைக் கயானாவில் இன்றும் மதராசிகள் என்கிறார்கள். மாரியம்மனையும் காளியையும் அவர்கள் விடவில்லை. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா அந்தக் கப்பலில் ஏறியிருந்தால் இன்று உங்களுக்கு ஆங்கிலத் தேர்வு இல்லை. அவர் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்கோ, மலாயா ரப்பர் தோட்டத்துக்கோ, நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கோ போனவர்களோடு போயிருந்தால் நீங்கள் தேர்வு எழுதியே ஆக வேண்டும். கிளம்பிய கரை ஒன்று, முதலாளி தேசம் ஒன்று, ஆள் பிடித்தவரின் பொய்யும் ஒன்று. கப்பல் மட்டும் வேறு. ஆகவே முன்னோர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை.

1965ஐக் காட்டி வாதாடிப் பார்க்கலாமா என்று சிலருக்குத் தோன்றும். அந்த வருடம் ஜனவரி 26 முதல் இந்தியே முதன்மை ஆட்சிமொழி என்று ஆகவிருந்த நேரத்தில் தமிழ்நாடே தெருவுக்கு வந்தது, உயிர்கள் போயின. ஆங்கிலம் துணை ஆட்சிமொழியாகத் தொடரும் என்று 1967இல் சட்டத்தைத் திருத்தி உறுதி சொன்ன பிறகுதான் டெல்லிக்கு நிம்மதி வந்தது. ஆங்கிலம் போய்விடக் கூடாது என்று இவ்வளவு விலை கொடுத்த இன்னொரு மக்கள் கூட்டம் உலகில் உண்டா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பணம் ஒரு மார்க்கமா என்றால், ஒரு காலத்தில் இருந்தது. இந்தத் தொழில் விசாவுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 2008இல் வந்த புள்ளி முறையில் 'டயர் 1' என்று ஒரு படிநிலை. அதில் தொழில்முனைவோர் என்று ஒரு கதவு, முதலீட்டாளர் என்று இன்னொரு கதவு. தொழில்முனைவோர் பொதுவாக 2 இலட்சம் பவுண்ட் காட்ட வேண்டும். நீட்டிப்புக்கு வரும்போது உள்ளூர் ஆட்கள் இருவருக்கு முழுநேர வேலை கொடுத்திருக்க வேண்டும். ஆங்கிலமும் தெரிந்திருக்க வேண்டும். 95 புள்ளியில் ஆங்கிலத்துக்கு 10தான். ஆனால் அந்தப் பத்தை வேறு எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது. பக்கத்துக் கதவில் முதலீட்டாளர் 10 இலட்சம் பவுண்டோடு வந்தார். 2014 நவம்பருக்குப் பிறகு 20 இலட்சம். அவரிடம் நுழையும்போது யாரும் ஆங்கிலம் கேட்கவில்லை. அந்த அளவுப் பணம் தானாகவே பேசும் என்று கருதியிருக்க வேண்டும். தொழில்முனைவோர் கதவு புதியவர்களுக்கு 2019 மார்ச்சில் மூடியது. முதலீட்டாளர் கதவும் 2022 பிப்ரவரியில் மூடிவிட்டது. ஆகவே நீங்கள் இன்று கோடீஸ்வரராக இருந்தாலும் தாமதமாக வந்த கோடீஸ்வரர்.

இப்போது இருப்பது 'இன்னோவேட்டர் ஃபவுண்டர்' விசா. 2023 ஏப்ரலில் வந்தது. மூன்று வருடத்துக்குத் தருவார்கள். இவ்வளவு பணம் போட்டே ஆக வேண்டும் என்ற விதி போய்விட்டது. அதற்குப் பதிலாக அரசு அங்கீகரித்த ஒரு பரிந்துரை அமைப்பு உங்கள் திட்டத்தைப் புதுமையானது, நடக்கக் கூடியது, பெருகக் கூடியது என்று மூன்று விதமாகப் பாராட்டிக் கடிதம் தர வேண்டும். கடிதத்துக்கு 1,000 பவுண்ட். ஈஸ்ட் ஹாமில் இன்னொரு தோசைக்கடை புதுமை அல்ல. தோசைக்கடைக்கு மாவு எவ்வளவு ஆட்ட வேண்டும் என்று சொல்லும் செயலி ஒருவேளை புதுமையாகலாம். விசா கிடைத்த பிறகும் இடையிடையே அந்த அமைப்பு உங்களை அழைத்து, சொன்னபடி நடக்கிறதா என்று விசாரிக்கும். ஒவ்வொரு சந்திப்புக்கும் 500 பவுண்ட். நீட்டிப்புக்கு மறுபடி கடிதம்.

இந்த விசாரணை எந்த மொழியில் நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? திட்ட அறிக்கை எந்த மொழியில் இருக்கும்? இருந்தாலும் அது ஆங்கிலச் சான்றாகாது. உங்கள் எதிர்கால வருமானக் கணிப்பை மூன்று நிபுணர்கள் குறுக்குக் கேள்வி கேட்டு, நீங்கள் சமாளித்து, அவர்கள் கைகுலுக்கி அனுப்பிய பிறகும், உங்களுக்கு ஆங்கிலம் தெரியுமா என்ற கேள்வி அப்படியே நிற்கும். வேண்டியது பி2. ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஆறு படிகள். கீழிருந்து நான்காவது இது. படிப்பது, எழுதுவது, கேட்பது, பேசுவது என நான்கிலும் வேண்டும்.

பட்டம் இருந்தால் தேர்வைத் தவிர்க்கலாம். பிரிட்டனில் வாங்கிய பட்டம் என்றால் பேச்சே இல்லை. இந்தியப் பட்டம் என்றால் எக்டிஸ் என்ற நிறுவனத்திடம் போக வேண்டும். 2021 வரை நாரிக் என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். உங்கள் பட்டம் பிரிட்டிஷ் இளங்கலைக்குச் சமம்தானா, அது ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டதுதானா என்று இரண்டையும் அவர்கள் உறுதி செய்ய வேண்டும்.

இங்கே ஓர் உண்மையைப் பேசிவிடலாம். நம்மூர்ப் பொறியியல் கல்லூரியில் பயிற்றுமொழி ஆங்கிலம். அதாவது புத்தகம் ஆங்கிலம், கரும்பலகை ஆங்கிலம், கேள்வித்தாள் ஆங்கிலம். பேராசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதுவார். பிறகு நம் பக்கம் திரும்பி, "கரண்ட் இந்தப் பக்கம் போகுது, இவன் தடுக்கிறான், புரியுதா?" என்பார். புரியும். நன்றாகவே புரியும். நான்கு வருடத்தில் வகுப்பில் நாம் பேசிய முழு ஆங்கில வாக்கியம் உள்ளே வரலாமா என்று அனுமதி கேட்டதுதான். அந்தப் பட்டத்தைக் காட்டினால் நமக்கு பி2 ஆங்கிலம் தெரியும் என்று காகிதம் கிடைக்கும். அதே நேரம், பட்டம் ஏதும் இல்லாமல் இருபது வயதில் வந்து, பத்து வருடம் லண்டன் டூட்டிங்கில் கடையில் நின்று, இடக்கு பேசும் வாடிக்கையாளர்களிடம் இடக்கு பேசப் பழகி, அந்த ஆங்கிலத்தில் கனவே காணத் தொடங்கிவிட்ட ஆளுக்குக் காகிதம் இல்லை. அவர் தேர்வு எழுதத்தான் வேண்டும். நியாயமா என்று கேட்காதீர்கள். பட்டம் வைத்திருக்கும் நாம் இதைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பதுதான் நல்லது.

எக்டிஸுக்காகக் கல்லூரியிலிருந்து பயிற்றுமொழிக் கடிதம் வாங்க நேரலாம். அதற்கு ஊரில் ஓர் ஆள் வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் "சார் லீவு" என்று சொல்லும்போது திரும்பி வந்துவிடாத ஆளாகப் பார்த்து அனுப்புங்கள். தாய்மாமன்கள் இந்த வேலைக்கு உகந்தவர்கள்.

பிள்ளைகள் பிரிட்டனிலேயே பள்ளிக்குப் போய் ஜிசிஎஸ்இ ஆங்கிலம் தேறியிருந்தால், பின்னாளில் அவர்களுக்கு அதுவே சான்று. பதினாறு வயது மகள் உங்கள் மின்னஞ்சலைத் திருத்தித் தந்துவிட்டு, "அப்பா, இதைக்கூடச் சரியா எழுத மாட்டீங்களா?" என்று கேட்கும்போது சட்டமும் அவள் பக்கம்தான்.

பட்டமும் இல்லை, பட்டியலிலும் இல்லை என்றால் தேர்வு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆங்கிலம் போதாமல் அல்ல, தவறான ஆங்கிலத்தைப் பதிவு செய்து. ஐயெல்ட்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஹோம் ஆபீஸின் விசாப் பிரிவான யுகேவிஐக்கான ஐயெல்ட்ஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. கேள்வி அமைப்பு ஒன்று, நேரம் ஒன்று, மதிப்பெண் முறை ஒன்று. இரண்டாவதை ஹோம் ஆபீஸ் ஒப்புக்கொண்ட மையத்தில், அது சொல்லும் கண்காணிப்பு ஏற்பாடுகளோடு எழுத வேண்டும், கட்டணமும் கூடுதல். முதலாவதில் நீங்கள் ஒன்பதுக்கு ஒன்பது வாங்கியிருந்தாலும் இந்த விசாவுக்குச் செல்லாது. இரண்டாவதில் நான்கிலும் ஐந்தரை வாங்கினால் போதும். பதிவு செய்யும்போது பெயரில் 'யுகேவிஐ' என்ற நான்கு எழுத்து இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பியர்சன், லாங்குவேஜ்செர்ட், டிரினிட்டி போன்ற நிறுவனங்களின் தேர்வுகளும் உண்டு. அவற்றிலும் ஹோம் ஆபீஸ் அங்கீகரித்த வகைதான் செல்லும்.

ஐயெல்ட்ஸில் 'அகாடமிக்', 'ஜெனரல்' என்று இரண்டு பிரிவு. இந்த விசாவுக்கு எது எழுதினாலும் சரி. அகாடமிக்கில் ஒரு வரைபடத்தைக் காட்டி அதை 150 சொல்லில் விவரிக்கச் சொல்வார்கள். எந்தெந்த ஆண்டில் எந்தெந்த நாட்டில் எத்தனை பேர் எதைச் செய்தார்கள் என்று இருக்கும். ஜெனரலில் கடிதம், பெரும்பாலும் யாரிடமாவது குறை சொல்வது, எதையாவது கேட்பது. நம்மவர்கள் ஜெனரலை எடுப்பது நல்லது. 'ஐயா, வணக்கம்' என்று தொடங்கித் தெருவிளக்கு எரியாதது வரை மனு எழுதிப் பழகிய பரம்பரை நம்முடையது. வரைபடத்தை விவரிக்கச் சொன்னால்தான் திணறுவோம். நமக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

எழுத்துத் தேர்வில் அடுத்தது 250 சொல்லில் கட்டுரை. தொழில் செய்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்வாய்ஸ் அனுப்பு, பணம் வரவில்லை, இது மூன்றாவது நினைவூட்டல் என்று இரண்டு வரியில் காரியம் முடித்துப் பழகிய கை. அந்தச் சிக்கனம் இங்கே மதிப்பெண்ணைக் குறைக்கும். கார்களைத் தடை செய்யலாமா, பிள்ளைகளுக்குப் பாக்கெட் மணி தரலாமா என்று கேட்பார்கள். உங்களுக்கு அதில் ஒரு கருத்தும் இருக்காது. உடனே ஒரு கருத்தை உண்டாக்கி, அதற்கு எதிர்க்கருத்தையும் உண்டாக்கி, இரண்டையும் சமாதானம் செய்துவையுங்கள். அலுவலகத்தில் இரண்டு பங்குதாரர்களோடு தினமும் செய்யும் வேலைதான்.

கேட்கும் தேர்வில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். வியாபாரத்தில் 'என்ன சொன்னீங்க?' என்று மூன்று முறை கேட்கலாம், ஆள் முகத்தைப் பார்த்துப் பாதி ஊகிக்கலாம், கடைசியில் விலையை எழுதிக் காட்டச் சொல்லலாம். இங்கே அந்த வசதி எதுவும் இல்லை. லண்டன் உச்சரிப்பு மட்டும்தான் வரும் என்று நம்பி உட்காராதீர்கள். ஆஸ்திரேலியரும் வருவார், அமெரிக்கரும் வருவார். அவர்கள் நாட்டுக்காரர்கள் இந்தத் தேர்வே எழுத வேண்டாம் என்பது அப்போது நினைவுக்கு வரும். வந்தால் ஒரு கேள்வி போய்விடும்.

பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். நடுவில் ஓர் அட்டை தருவார்கள்; ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். உங்களுக்கு உதவிய ஒருவர், மறக்க முடியாத பயணம், அண்மையில் வாங்கிய பொருள் என்ற ரகம். நம்மவர்கள் இங்கே உண்மையைச் சொல்லித் தோற்பார்கள். அண்மையில் என்ன வாங்கினீர்கள் என்றால் 'ஃப்ரிட்ஜ்' என்பார்கள். ஏன் என்றால் 'பழசு கெட்டுப் போச்சு' என்பார்கள். உரையாடல் அதோடு முடியும், மதிப்பெண்ணும் முடியும். இந்தத் தேர்வில் அளப்பது மொழியை, சத்தியத்தை அல்ல. ஃப்ரிட்ஜுக்கு ஒரு பின்கதை வேண்டும். அதைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்கும் மனைவிக்கும் நிறம் குறித்துக் கருத்து வேறுபாடு வந்திருக்க வேண்டும். சுற்றுச்சூழலைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க வேண்டும். கடைசியில் அந்த ஃப்ரிட்ஜ் உங்கள் வாழ்க்கைப் பார்வையையே மாற்றியிருக்க வேண்டும். பொய் சொல்ல மனம் வராதவர்கள் திட்ட அறிக்கையில் ஐந்தாம் ஆண்டு இலாபம் என்று தாங்கள் எழுதிய தொகையை ஒரு முறை பார்த்துக்கொண்டு போகலாம்.

இனி பெயர். இதற்கு மட்டும் தனி வழிகாட்டி எழுதலாம். உங்கள் பெயர் குமரேசன், அப்பா சண்முகம் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எஸ். குமரேசன். பட்டத்தில் குமரேசன் எஸ். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்குக் குடும்பம் உண்டு, குடும்பப் பெயர் இல்லை. அப்பாவைப் பிடித்துப் போட்டீர்கள். அன்றிலிருந்து பிரிட்டனில் நீங்கள் மிஸ்டர் சண்முகம். வங்கி, கவுன்சில், நிறுவனப் பதிவகம் எல்லாம் அப்பாவுக்கே கடிதம் எழுதும். தென்காசியைத் தாண்டாத அவர் பெயரில் லண்டனில் ஒரு கம்பெனி ஓடும். அப்பா பெயரைப் போடாமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் பாடு இன்னும் விசேஷம். குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போக மறுக்கும் இணையப் படிவங்களிடம் அவர்கள் புள்ளி வைத்துப் பார்ப்பார்கள், கோடு போட்டுப் பார்ப்பார்கள், ஒரே பெயரை இரண்டு முறை எழுதுவார்கள். வெவ்வேறு படிவத்தில் வெவ்வேறு மாதிரி.

தேர்வுக்குப் பதியும்போது பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், ஓர் எழுத்துக்கூட அழகுபடுத்தாமல். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எதைப் போடுவது என்ற தீராத வழக்கை அன்று தீர்க்க முயல வேண்டாம். எண்கணிதம் பார்த்து இடையில் ஓர் 'ஏ' சேர்த்தவர்கள், அது பாஸ்போர்ட்டுக்குள் போய்விட்டதா, விசிட்டிங் கார்டோடு நின்றுவிட்டதா என்று பாருங்கள். பட்டத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்றால் இருவரும் ஒருவரே என்று வழக்கறிஞர் முன் உறுதிமொழி எழுதலாம். இங்கிலாந்தில் சத்தியம் வாங்க வழக்கறிஞருக்குச் சட்டப்படி 5 பவுண்ட். இந்த வழிகாட்டியில் வரும் செலவுகளில் மனம் குளிர்ந்து கொடுக்கக் கூடியது இது ஒன்றுதான்.

எண் கிடைத்துவிட்டது. அது எத்தனை நாள் தாங்கும்? தேர்வுச் சான்றுக்கு ஆயுள் இரண்டு வருடம். மேசை இழுப்பறைக்குள் கிடந்தால் பால் பாக்கெட் மாதிரித் தேதி முடிந்து கெட்டுவிடும். ஆனால் அதே சான்றை ஒரு விண்ணப்பத்தோடு கொடுத்து அந்த விண்ணப்பம் ஜெயித்துவிட்டால், பிறகு அதற்கு மரணம் கிடையாது. அடுத்த விண்ணப்பத்தில், முன்பே இதே படியில் நிரூபித்துவிட்டேன் என்று சொன்னால் போதும். ஆகவே முதல் விசாவுக்கே பி2 காட்டியவர்கள் நீட்டிப்புக்கு மறுபடி தேர்வு எழுத வேண்டியதில்லை. இதைத் தெரியாமல் மறுபடி பணம் கட்டிப் பயிற்சி வகுப்புக்கும் போகிறவர்கள் உண்டு. பயிற்சி வகுப்புக்காரர்கள் அவர்களைத் தடுப்பதில்லை.

பொறி எங்கே என்றால் 'இதே படியில்' என்ற இடத்தில். வேலை விசாவில் வந்து, பிறகு சொந்தத் தொழிலுக்கு மாறுகிறவர் அன்று காட்டியது பெரும்பாலும் பி1. அது வேலை விசா நீட்டிப்புக்குப் போதும்; இங்கே போதாது. வேலை விசாவுக்கே புதிதாக வருபவர்களிடம் 2026 ஜனவரி 8 முதல் பி2 கேட்கிறார்கள். கணவர் அல்லது மனைவியின் விசாவில் துணையாக வந்தவர்கள் எதையுமே காட்டியிருக்க மாட்டார்கள். துணையாக வந்து, இன்று தன் பெயரில் கம்பெனி நடத்தி, கூட வந்தவருக்கும் சேர்த்துச் சம்பாதிக்கும் பெண்கள் இங்கே அதிகம். விசா மாற்றும்போது அவர்கள்தான் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்டால், அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைக் கேலியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2014 பிப்ரவரியில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, லண்டன் தேர்வு மையங்களில் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வை ஆள்மாறாட்டம் செய்து எழுதுவதைப் படம் பிடித்துக் காட்டியது. மோசடி நடந்தது உண்மை. அதன்பின் தேர்வை நடத்திய இடிஎஸ் நிறுவனம் 2011 முதல் 2014 வரை பிரிட்டனில் நடந்த 58,000க்கு மேற்பட்ட தேர்வுகளைச் சலித்து, 97 விழுக்காட்டை மோசடி அல்லது சந்தேகம் என்று முத்திரை குத்தியது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர். பெரும்பாலும் தெற்காசிய மாணவர்கள். ஆயிரக்கணக்கானோர் விசா இழந்தார்கள். அதிகாலையில் வீட்டுக்கதவைத் தட்டிக் கூட்டிப் போன சம்பவங்களும் உண்டு. தங்களுக்கு எதிரான ஆதாரத்தைப் பார்க்கக்கூடப் பலருக்கு வழியில்லை. 2019இல் அரசின் தணிக்கை அலுவலகமே, நிரபராதிகள் சிக்கியிருக்கிறார்களா என்று ஹோம் ஆபீஸ் போதிய அக்கறையோடு பார்க்கவில்லை என்று எழுதியது. ஆயிரக்கணக்கானோர் மேல்முறையீட்டில் வென்றார்கள், வாலிபத்தில் பல வருடம் போன பிறகு.

அந்த வழக்குகளில் ஒன்று இந்த வழிகாட்டிக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. எனக்கு இவ்வளவு நன்றாக ஆங்கிலம் வருகிறதே, நான் ஏன் ஆள் வைத்துத் தேர்வு எழுத வேண்டும் என்பது பலருடைய வாதம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரும் மோசடி செய்யப் பல காரணங்கள் இருக்கலாம் என்று 2016இல் மேல் தீர்ப்பாயம் சொல்லியது. தர்க்கப்படி தவறில்லை. ஆனால் ஒரு மனிதர் தம் வாயால், எதிரே உட்கார்ந்திருக்கும் நீதிபதியிடம், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஆங்கிலம் பேசுவது, அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்பதற்குப் போதுமே தவிர, அவர் பெயரில் இருக்கும் சான்று அவருடையது என்பதற்குப் போதாது. இன்றைய கேமராக்கள், தனி மையங்கள், யுகேவிஐ என்ற வால் எல்லாம் அந்த மோசடி வெளியான பிறகு 2015 ஏப்ரலில் வந்தவை. தேர்வு மையத்தில் பாக்கெட்டைக் காலி செய்யச் சொல்லும்போது முணுமுணுக்காமல் செய்யுங்கள்.

விதிகளை நேரடியாகப் படித்துப் பார்க்கலாமே என்று துணிச்சல்காரர்கள் கேட்பார்கள். படிக்கலாம். 1973இல் 40 பக்கம் இருந்த குடியேற்ற விதிகள் 1,100 பக்கம் வரை வளர்ந்துவிட்டதாக அந்த நாட்டுச் சட்ட ஆணையமே 2020இல் கணக்குச் சொல்லியது. பைசாண்டியப் பேரரசர்களே பொறாமைப்படும் சிக்கல் என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிபதி ஒருவர் தீர்ப்பிலேயே எழுதினார். அவர் தாய்மொழி ஆங்கிலம், தொழிலும் அதுதான். பி2 ஆங்கிலம் வேண்டும் என்று சொல்லும் விதியைப் படித்துப் புரிந்துகொள்ள பி2 போதாது. அதற்காகத்தான் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய ஆங்கிலத்துக்குத்தான் மணிக்கணக்கில் கட்டணம்.

ஆகவே வரிசை இதுதான். முந்தைய விசாவுக்கு எந்தப் படியைக் காட்டினீர்கள் என்று முதலில் தேடுங்கள். பி2 என்றால் அந்தப் பழைய கடிதத்தைப் பத்திரப்படுத்திவிட்டுத் தூங்குங்கள். இல்லையென்றால் தேர்வுத் தேதியை இப்போதே பிடியுங்கள். விண்ணப்பம் அனுப்பும் நாளில் முடிவு கையில் இருக்க வேண்டும், பிறகு அனுப்புகிறேன் என்பது எடுபடாது. சான்றிதழில் இருக்கும் குறிப்பு எண்ணைப் படிவத்தில் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்து நிரப்புங்கள்.

விசா முடியும் தேதிக்கு ஒரு நாள் முன்பாவது விண்ணப்பம் போய்விட வேண்டும். போய்விட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதியே 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3சி பிரிவின்படி தொடரும். கடையைத் திறக்கலாம், சம்பளம் கொடுக்கலாம், வரி கட்டலாம். ஊருக்கு மட்டும் போகக் கூடாது. நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். அயர்லாந்துக்கு விலக்கு உண்டு. அதற்கு வேறு விசா வேண்டும் என்பது வேறு விஷயம். தங்கை மகள் கல்யாணமாக இருந்தாலும் சரி, முடிவு கைக்கு வரும்வரை சென்னைக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.